தூணின் முதுகில் நான்கு வரி

மண்டபத்தில் ஒரு கல்தூண் இருந்தது. அதன் முதுகில் யாரோ எப்போதோ நான்கு வரி வெட்டி வைத்திருந்தார்கள். முதுகில் இருப்பதைத் தூணால் எப்படிப் படிக்க முடியும்? மற்றவர்களும் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து அடித்து அதை மறந்துவிட்டார்கள்.

விழா நெருங்கியது. தூணைச் சுத்தம் செய்ய இயந்திரம் வந்தது. குழாயிலிருந்து மணல் சீறிக்கொண்டு வந்து தூணில் மோதியது.

"வலிக்கிறதா?" என்றது மணல்.

"வலிக்கட்டும். சுண்ணாம்பு போனால் யாராவது என் முதுகைப் படித்துச் சொல்வார்கள்" என்றது தூண்.

அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. வந்தவர்கள் தூணைத் தடவிப் பார்த்து, "அடடா, புதுசு மாதிரி இருக்கே!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் எதையும் படிக்கவில்லை.

அப்போது ஓர் எறும்பு குருணை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தது. பாதியில் நின்று திருதிருவென்று விழித்தது.

"வளைந்து வளைந்து போகுமே, நாங்கள் நடக்கிற பள்ளம், அது எங்கே?"

அந்தப் பள்ளம்தான் தன் முதுகில் இருந்த எழுத்து என்று தூணுக்குப் புரிந்தது. "அதில் என்ன எழுதியிருந்தது?"

"எனக்கென்ன தெரியும்? எனக்கு அது வழி, அவ்வளவுதான்."

தரையில் குவிந்து கிடந்த மணலிடம் தூண் கெஞ்சியது. "நீயாவது சொல்லேன். ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் போய் வந்தாயே."



"முதல் எழுத்தில் பட்டதுமே எழுத்து என்று தெரிந்துவிட்டது" என்றது மணல். "வந்த வேகத்தில் என்னால் நிற்க முடியவில்லை."