வரேன் என்று சொன்னவர்

பெருநகரத்தின் பழைய சொகுசு ஹோட்டல் ஒன்றில், ராஜாக்களும் மந்திரிகளும் தங்கிய அறைக்கு ஒரு தேக்குக் கதவு இருந்தது. கிளம்பும்போது யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. மரகதவல்லி என்ற அம்மாள் மட்டும் அதன் கைப்பிடியைத் தொட்டு, "வரேன்" என்றார். சொன்னவர் வருவார் என்று கதவு காத்திருந்தது.

பல வருடம் கழித்து அவருடைய பச்சைப் பெட்டி வாசலில் வந்து நின்றது. தூக்கி வந்தது அவர் மகள்.

"அம்மா எங்கே? என்கிட்ட வரேன்னு சொல்லிட்டுப் போனாங்களே" என்றது கதவு.

பெட்டி சொன்னது:

"எங்கே கிளம்பினாலும் அப்படித்தான் சொல்வாங்க. கடைசியா என்னை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, வீட்டுக் கதவுகிட்டயும் அதையேதான் சொன்னாங்க. நான் மட்டும்தான் திரும்பி வந்தேன். அந்தக் கதவுகிட்ட இன்னும் நான் சொல்லலை."