கஞ்சி போட்ட பேண்ட்

தாம்பரம் ஸ்டேஷன் தூணில் மோதி வில்பிரட் உடைத்தது, தங்கை ஞானசௌந்தரியின் மூத்திரம் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை.

"பையில இன்னா சார்?" என்று கேட்டான் ஆபீஸ் சிநேகிதன் சம்பத்.

"மலைத்தேன்" என்று சொல்லி, பையை ஒரு சுழற்று சுழற்றிக் காட்டியதுதான் வினை.

ஜோக்குக்காக உயிரையே விடுகிற ஆள் வில்பிரட். இந்தத் தடவை தம்பியின் உயிர்.

துணிப்பையை நனைத்துக்கொண்டு தேன் அவனுடைய வலது காலில் வழிந்தது. சம்பத் மூக்கைப் பிடித்தபடி பீச் ஸ்டேஷன் போகும் ரயிலில் ஏறிவிட்டான்.

தம்பி தயாளனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வேலூர் ஆஸ்பத்திரியில் இப்போது ஒருவருடையதை எடுத்து இன்னொருவருக்கு வைக்கிறார்களாம். கூடப்பிறந்தவருடையது என்றால் உடம்பு ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகமாம். அண்ணன், தம்பி, தங்கை மூவருக்கும் ஒரே ரத்த வகை. கொடுக்கப்போகிறவள் சௌந்தரி என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவளுடைய கிட்னி நன்றாக வேலை செய்கிறதா என்பதற்கு முதல் சோதனைதான் அந்தப் பாட்டில். காலையிலேயே பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும்.

சேலையூர் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். ஆனால் அத்தை ரத்தினபாய் வாசலிலேயே இருப்பாள். 'இதைக்கூட உருப்படியாக் கொண்டுபோகத் துப்பில்லையா உனக்கு?'

வில்பிரட் பக்கத்து டீக்கடைக்குப் போய்க் காலி பாட்டில் ஒன்று கேட்டான்.

"வெறும் பாட்டிலா? மூடியோட வோணுமா சார்?"

"மூடி கட்டாயம் வேணும்பா."

வெந்நீர் வாங்கிக் கழுவிக்கொண்டு ஸ்டேஷன் கக்கூசுக்குள் நுழைந்தான். மூக்கைப் பொத்தினால் பாட்டிலைப் பிடிக்கக் கை போதவில்லை. பாட்டிலைப் பிடித்தால் மூக்கு அநாதை.

ஒரே அப்பா, ஒரே அம்மா. இதில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டான்.

வண்டி பல்லாவரம் தாண்டுவதற்குள் பேண்ட்டின் வலது கால் காய்ந்து, கஞ்சி போட்டதுபோல் விறைத்துவிட்டது. சலவைக்காரர்கூட இவ்வளவு மொடமொடப்பாகப் போட்டதில்லை.

சாயங்காலம் ரிசல்ட் கொடுத்தார்கள். "ஃபர்ஸ்ட் கிளாஸ் கிட்னி" என்றார் டாக்டர்.

பரீட்சைகளில் தேர்ட் கிளாஸைத் தாண்டாத வில்பிரட், வாழ்க்கையில் முதல் தடவையாக ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கியிருந்தான். அதுவும் தங்கை பெயரில்.

வீட்டில் சேதியைச் சொன்னதும் அத்தை முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னாள். எழுந்ததும் சொன்னாள்: "அவளுக்கென்ன, பிள்ளையா குட்டியா. ஒண்ணு போதும் அவளுக்கு."

வில்பிரட்டின் மனைவி பியூலா ஆமாம் என்று தலையாட்டினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை இதே கூடத்தில்தான் பேச்சு நடந்தது. எல்லாரும் முதலில் பார்த்தது மூத்தவன் வில்பிரட்டைத்தான். அவன் சொன்னான்: "என் கிட்னியை வச்சா தயாளனும் என்னை மாதிரி ஜோக் அடிக்க ஆரம்பிச்சுடுவான். அவன் பொண்டாட்டி என்ன பாவம் பண்ணினா?"

கூடமே சிரித்தது. உள்ளறையில் படுத்திருந்த தயாளன்கூட, வீங்கின முகத்தோடு சிரித்தான். சிரிப்பு அடங்கினபோது கேள்வி வில்பிரட்டைத் தாண்டிப் போயிருந்தது. சமையலறையில் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்த சௌந்தரியின் மேல் போய் விழுந்திருந்தது. அவள் தட்டோடு வெளியே வந்ததும், "ஆண்டவர் உன்னைத் தெரிஞ்செடுத்திருக்கார்மா" என்றாள் அத்தை.

அவள் எல்லாருக்கும் டீயைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு அந்தச் சிரிப்பு அவனுக்கு எவ்வளவு இனித்தது! இப்போது நினைத்தால், ஊசிப்போன குழம்பை வழித்து நக்கியதுபோல் இருந்தது.

சௌந்தரி கிணற்றடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். பாஸானவள் முகமாக இல்லை அது.

"சௌந்தரி, நேரா சொல்லும்மா. உனக்குக் கொடுக்க இஷ்டம்தானா?"

"ஆண்டவர் சித்தம்ண்ணா."

"ஆண்டவரை விடு. உன்னைத்தான் கேக்கிறேன்."

அவளிடம் யாரும் இதுவரை அதைக் கேட்டிருக்கவில்லை. கை நின்றது. அவள் பார்வை அவனுடைய பேண்ட்டின் வலது காலில் வந்து விழுந்தது.

"இது எப்படிண்ணா இப்படி ஆச்சு?"

"ஸ்டேஷன்ல பாட்டில் உடைஞ்சுபோச்சு" என்றான். "வேற பாட்டில்ல... நானே..."

பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் அவள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, குனிந்து, விறைத்த துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். மெல்லிய பொருக்கு ஒன்று உதிர்ந்தது.

"எனக்கு இஷ்டமில்லண்ணா" என்றாள் நிமிர்ந்து. "அந்த பாட்டில்ல முட்டையோட வெள்ளைக்கருவை அடிச்சுக் கலந்து வச்சிருந்தேன். டெஸ்ட்ல சூடு காட்டினதும் திரிஞ்சுபோய், மூத்திரத்துல புரதம் இறங்குது, இந்த கிட்னி உதவாதுன்னு எழுதியிருக்கணும்."

உள்ளே அத்தை பாட்டுப் பாட ஆரம்பித்திருந்தாள்.

"அந்த ஃபர்ஸ்ட் கிளாஸ் உன்னோடதுண்ணா. இப்ப ஒரு ஜோக் சொல்லேன், கேக்கிறேன்."