சூடான கை

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, செய்வதை வாயால் சொல்லிப் பகடை உருட்டி ஆடும் விண்வெளி ஆட்டம். ஆட்டக் கதையில் செத்துக் கிடக்கும் தளபதியின் துப்பாக்கியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள் தமயந்தி. ஆட்டத்தை நடத்திய கொழுந்தன் இளம்பரிதி இளித்தான்.

"சுடாது அண்ணி. துப்பாக்கி ஏழாம் லெவல். நீங்க மூணுதான்."

"ஏன் சுடாது?"

"பிடிக்கிற கை யாருதுன்னு அதுக்குத் தெரியும்."

ஆட்டம் சூடுபிடிக்கும்போதெல்லாம் டீ போட அவளைத்தான் எழுப்பிவிட்டார்கள். அப்புறம் லெவல் எங்கே ஏறும்?

"சரி, தளபதி கையை வெட்டி எடுத்துக்கறேன்."

"செத்த கை ஆகாது. சூடு இருக்கணும்," என்றான் அவசரமாக.

"உயிரோட இருக்கற ஏழாம் லெவல் கைன்னா?"

சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் தலையாட்டினான்.

தமயந்தி பகடையை எடுத்தாள். எதிரே, ஏழாம் லெவலில் இருந்த அவள் கணவன், டீ கிளாஸை வைத்துவிட்டு வலது கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.