கூட்டத்துக்கு மட்டும் வரும் குருவி

"ஒத்தையா நின்னா வராதுங்கய்யா. அஞ்சு பேரு நின்னாலும் வராது. கூட்டமா நிக்கணும்."

"ஒரு குருவிக்கா?"

"அந்தக் குருவியே கூட்டமாத்தான் வரும். அதான்."

தேயிலைத் தோட்டத்தில் ஆட்களிடம் வேலை வாங்கும் கண்டாக்கு செல்லசாமி கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இளஞ்சிவப்பு உறை போட்ட அந்தப் போன் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் மகளுடையது. விடுமுறைக்குப் பங்களாவுக்கு வந்திருந்த அந்தப் பிள்ளை, போன் விளையாட்டு ஒன்றில் விதவிதமான மிருகங்களைப் பிடித்துச் சேர்த்து வைத்திருந்தாள். சிப்லிங் என்ற குருவி மட்டும் அகப்படவில்லை. அந்தக் கவலையில் சாப்பாட்டைத் தொடவில்லை.

எப்படியாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வரும்படி துரை சொல்லியிருந்தார். பெரிய கண்டாக்கு வேலை காலியாக இருந்த நேரம் அது. செல்லசாமிக்குப் போனில் பேச மட்டும்தான் தெரியும். அதனால் ஹட்டனில் போன் கடையில் வேலை பார்க்கும் ஷாமிலாவை, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிட்டிருந்தார்.

ஷாமிலா பொறுமையாக விளக்கினாள். சிப்லிங் உள்ளங்கைக்குள் அடங்குகிற சாம்பல் குருவி. தனியாக இருந்தால் ஒரு புழு முறைத்தாலே ஓடிவிடும். கூட்டம் சேர்ந்துவிட்டால் நெருப்புக் கக்கும் பூதத்தையும் துரத்திவிடும். போனும் கையுமாக எங்கே நிறையப் பேர் நிற்கிறார்களோ, அங்கேதான் இறங்கும்.

செல்லசாமிக்குச் சங்கடமாக இருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் மேட்டு லயத்துக் கூரையைக் காற்று பிடுங்கிப் போட்டபோது, தகரம் கேட்டுச் சனம் இதே களத்தில் கூடியது. மறுநாள் பெரட்டில் துரையின் கட்டளையைச் சொன்னவர் அவர்தான். ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது. கூட்டம் கூட்டுகிறவன் யாராக இருந்தாலும் அன்றைக்கே வேலை போகும்.

பிறகு தகரம் வந்தது. வந்தது நேராகத் துரையின் கார் ஷெட்டுக்குப் போனது. ஷாமிலாவின் அம்மா அம்மாக்கண்ணு இன்னும் கூரைக்குப் பதிலாகக் கட்டிய நீலத் தறப்பாளுக்குக் கீழேதான் படுக்கிறாள்.

இது விளையாட்டுத்தானே என்று செல்லசாமி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

அன்று மாலை, கொழுந்து நிறுத்து முடித்தவர்களில் ஏழெட்டுப் பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். செல்லசாமியின் கையிலிருந்த திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"கூட்டம் பத்தலைங்கய்யா," என்றாள் ஷாமிலா. "பத்தலன்னா இப்புடித்தான் சுத்தும்."

செல்லசாமி வழக்கம்போலத் தண்ணீர் டேங்க் மேட்டுக்கு ஏறிப் போய், தன் போனில் துரையிடம் நிலவரத்தைச் சொன்னார். எங்கே, எப்படிப் பிடிக்கிறாய் என்று துரை கேட்கவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டார்.

மறுநாளிலிருந்து செல்லசாமி ஆள் சேர்க்க ஆரம்பித்தார். லயத்துக்குத் திரும்பியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தினார். தேயிலை வரிசை பிரித்துக் கொடுப்பதுபோல ஆளாளுக்கு இடம் காட்டினார். அம்மாக்கண்ணு தன் பட்டன் போனை அகல்விளக்கு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்வரிசையில் வந்து நின்றாள்.

"ஒன் போன்ல குருவி வருமா அம்மாக்கண்ணு?"

"நம்பர அமுக்கிக் கூப்புட்டா வராதுங்களா?"

களமே சிரித்தது. செல்லசாமியும் சிரித்தார். இருட்டத் தொடங்கியதும் சிலர் நழுவப் பார்க்க, அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒருத்தரும் கலையக் கூடாது. கலைஞ்சா ஒண்ணும் கெடைக்காது, வெளங்குதா?"

சனம் அதை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டது. அவர் பெரட்டில் சொல்லும் எதையும் அவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

ஆனாலும் வட்டம் நிற்கவில்லை. தோட்டத்தின் கீழ் டிவிசன் ஆட்களும் சேர்ந்தால் போதும், அதுவும் விடியற்காலை என்றால் நிச்சயம் என்று ஷாமிலா சொன்னாள். செல்லசாமி யோசிக்கவேயில்லை. கீழ் டிவிசன் ஆட்களை ஏற்றிவரக் கொழுந்து லொறியையே அனுப்பி வைத்தார்.

மறுநாள் பெரட்டு நேரத்தில் பனிமூட்டம் மெல்ல விலக, களம் கொள்ளாத சனம் தெரிந்தது. வேடிக்கை பார்க்கத் துரையே மகளோடு ஜீப்பில் வந்து இறங்கினார். செல்லசாமி முதுகை நிமிர்த்திக்கொண்டு போய்ப் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்தார்.

அவள் ஒரு தடவைதான் பார்த்தாள். இந்த இடத்தில் சிக்னலே கிடையாது, இங்கே எந்தக் குருவியும் வராது என்று அப்பாவிடம் சலிப்போடு சொன்னாள்.

களத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. தூக்கிப் பிடித்திருந்த போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கி, மடிக்குள்ளும் சட்டைப் பைக்குள்ளும் போயின. கூடையை எடுக்க ஒருவரும் குனியவில்லை.

அம்மாக்கண்ணு இரண்டடி முன்னால் வந்தாள்.

"கார் ஷெட்டுத் தகரத்தக் கழட்டிக் குடுத்தீங்கன்னா கொழுந்தெடுக்க மலைக்குப் போறோம் தொரை. அது வரைக்கும் இப்புடியேதான் நிப்போம். கலைஞ்சா ஒண்ணும் கெடைக்காதுன்னு கண்டாக்கய்யா சொல்லியிருக்காரு."

துரை கூட்டத்தைப் பார்த்தார். கீழ் டிவிசனை இறக்கிவிட்டு ஓரமாக நின்ற லொறியைப் பார்த்தார். இந்தக் கூட்டத்தைக் கூட்டியது யார் என்று, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

இரண்டு டிவிசனும் ஒன்றாகத் திரும்பிச் செல்லசாமியைப் பார்த்தது. அவர் ஷாமிலாவின் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் கெஞ்சினார்.

"யம்மா, குருவிதான் கூட்டுச்சின்னு தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரும்மா."