டானி

கேமரா இல்லாமல் அந்த வீட்டில் ஒன்றுமே தெரியாது. அதைக் கண்ணில் வைத்தால்தான் பச்சை வெளிச்சத்தில் கதவு தெரியும், கட்டில் தெரியும், கட்டிலில் கிடக்கும் அதுவும் தெரியும்.

அண்ணன் செய்த கேம். உலகம் முழுக்க விளையாடுகிறார்கள்.

பேய்க்கு அவன் பெயரே வைக்கவில்லையாம். அது முனகுவதைக் கேட்டு, தன் பெயரைத்தான் சொல்கிறது என்று நினைத்த வெளிநாட்டுக்காரர்கள் டானி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது டானி படம் போட்ட பனியன்கூட விற்கிறது.

எனக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, நான் அலறுவதைப் படம் பிடிக்க எதிரே போனைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"கிட்ட மட்டும் போயிடாத. தள்ளி நின்னு கேமராவுலயே பாத்துட்டு இருக்கணும். அவ்ளோதான் கேம்."

நான் என்றைக்கு அவன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? கிட்டப் போனேன்.

மூச்சு இழுத்தது. இருமியது. பிறகு தொண்டையை இரண்டு முறை செருமியது.

அப்பா அப்படித்தான் செருமுவார். யாரையாவது கூப்பிடுவதற்கு முன்னால்.

டானி இல்லை. தண்ணி.

திரும்பத் திரும்பத் தண்ணி.

அப்பா போன அன்று நான் வெளியூரில் இருந்தேன். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். பக்கத்தில் இருந்தவன் அண்ணன் ஒருவன்தான். ஒரு சத்தமும் இல்லாமல் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இன்னும் எழுந்து நடமாடுகிறாள். புண்ணியவான், கஷ்டப்படாமல் போனார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

பாவி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்காமல் பதிவு செய்துகொண்டு நின்றிருக்கிறான்.

திரையில் டானி என் கழுத்தைப் பிடித்தது. நான் அலறவில்லை.

சமையலறையிலிருந்து அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை செய்ததை ஊரே மெச்சும்போது பெற்றவள் கேட்க வேண்டாமா?

"எனக்கும் அத மாட்டி விடுடி. அப்படி என்னதான் சத்தம் வருதுன்னு பாக்கறேன்."

சொல்லிவிடலாம். அண்ணனின் சாயம் இன்றோடு வெளுத்துப் போகும். அம்மா பிறகு தூங்கவே மாட்டாள்.

சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் மாட்டினேன்.

கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"என்னடி இது, ஒரு சத்தமும் இல்லையே!"

நான் அண்ணனை நிமிர்ந்து பார்த்தேன். அவன் முகம் செத்துப் போயிருந்தது.

போனை மட்டும் அவன் இறக்கவில்லை.