எட்டு மணி அர்ச்சனை

காலை எட்டு மணிக்குக் கோவில் வாசல் பூக்காரியிடமிருந்து போன் வந்தது. அந்த இந்தியப் பெண் இப்போதுதான் அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள் என்று வியட்நாம் மொழியில் சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள். தேனப்பன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"ராஜு, நம்ம பக்திப் பழம் கோயிலுக்கு வந்துருச்சு. தொட்டியத் தெறந்து விடு" என்றார்.

சைகோன் நகரின் ஓரத்தில், கால்வாய்க் கரையில் இருந்த அந்தச் சாயத் தொழிற்சாலைக்குத் தேனப்பன் மேனேஜர், ராஜு சூப்பர்வைசர். கழிவு நீரைச் சுத்தம் செய்ய லட்சணமாக ஒரு நிலையம் கட்டி வைத்திருந்தார்கள். கரண்டு செலவாகிறதே என்று அதை ஓட்டுவதுதான் இல்லை. சாயமும் அமிலமுமாக எல்லாம் பெரிய தொட்டியில் தேங்கும். பலத்த மழை பெய்கிற அன்று சத்தமில்லாமல் கால்வாய்க்குப் போகும்.

கால்வாயின் இரு கரையிலும் தகரக் கூரை வீடுகள். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் என்று அங்கிருந்து மனுமேல் மனு வந்தது. மல்லிகைப்பூ வாசம் அடித்தாலும் மூக்கைப் பொத்திக்கொள்கிற கூட்டம் என்று சொல்லி, ஒவ்வொன்றையும் படிக்காமலே கிழித்துப் போட்டார் தேனப்பன்.

வினையாக, ஒரு மனு துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்கள் அனுப்பி வைத்த ஆய்வாளர்தான் அலமு. கழிவு கசிந்தால் எத்தனை வீடு பாதிக்கும், பாய்லர் புகை எவ்வளவு தூரம் பரவும் என்று அளந்து சொல்வது அவள் வேலை. அவள் மோசம் என்று எழுதினால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் தேனப்பன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

சொல்லாமல் கொள்ளாமல் மூன்று முறை வந்து சோதிப்பாளாம். தேனப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அறிமுகத்துக்கு வந்த அன்றே அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாளே.

"தெண்டாயுதபாணியக் கும்பிட்டுட்டுத்தான் அண்ணே நான் எந்த வேலையும் தொடுவேன். இந்த ஊர்லயும் நம்ம கோயில் இருக்கறது எவ்வளவு வசதி" என்றாள்.

தேவகோட்டைப் பெண் வேறெப்படிப் பேசுவாள்? தேனப்பனுக்கும் பக்கத்து ஊர்தான். நம்மவர்களைப் பற்றி அவருக்குத் தெரியாதா? அன்று மாலையே நகரத்திலிருக்கும் தெண்டாயுதபாணி கோவிலுக்குப் போய், வாசல் பூக்காரிக்குப் புதுப் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தார். போகிற போக்கில் சாமியையும் கும்பிட்டுக்கொண்டார்.

அதன்பிறகு இரண்டு முறையும் அப்படியே நடந்தது. எட்டு மணிக்கு அர்ச்சனை, ஒன்பதரைக்குச் சோதனை. நடுவில் கிடைத்த நேரத்தில் தொட்டி காலியாகி நல்ல தண்ணீர் நிரம்பும். பாய்லரில் ரப்பர் கழிவுக்குப் பதில் விறகு எரியும். அலமு மீட்டரைத் தூக்கிக்கொண்டு நடையாய் நடந்து, ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போனாள். கோவிலிலிருந்து நேரே வந்தவள் நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு இல்லை. இந்த வெயிலில் வேர்வையோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார் தேனப்பன்.

இது மூன்றாவது முறை, கடைசி முறை.

ராஜு தயங்கி நின்றான். "தொட்டி கழுத்து வரைக்கும் இருக்குண்ணே. ஒரேயடியா விட்டா கரையில பிள்ளைக குளிக்குமே."

"குளிச்சா செவப்பாகட்டும். திருவுடா வால்வ."

வால்வு திறந்தது. தேனப்பன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். குழாய் வாயிலிருந்து ரத்தச் சிவப்பாய்ப் பொங்கி நுரைத்துக்கொண்டு போனது கழிவு. அதிசயமாக இன்று கரையில் ஒரு பிள்ளையைக் காணோம். கூம்புத் தொப்பி வைத்த ஒரு மடையன் மட்டும் படகில் இருந்து ஆகாயத்தாமரை அள்ளிக்கொண்டிருந்தான். சரி, வேடிக்கை பார்க்க ஆள் இல்லாதது நல்லதுதான் என்று திரையை இழுத்துவிட்டார்.

ஒன்பதரை ஆயிற்று. தொட்டியில் தண்ணீர் பளபளத்தது. வாசலில் இளநீரோடு ஆள் நின்றான். பத்து மணி வரை யாரும் வரவில்லை. அப்புறம் போன்தான் வந்தது.

"எங்க இருக்கீங்க ஆச்சி? உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்றார் தேனப்பன், குரலில் தேன் வழிய.

"கோயில் வாசல்லதான் இருக்கேன் அண்ணே, உங்க பூக்காரி பக்கத்துலயே. இன்னக்கி நான் அங்க வரல. உங்க குழாய்கிட்டப் படகுல ஒருத்தர் இருக்காரு பாருங்க, அவரு எங்க ஆளு. நீங்க தெறந்து விட்டதுலேருந்து பாட்டில் பாட்டிலாப் பிடிச்சிட்டாரு, படமும் எடுத்துட்டாரு. கரை வீட்டுக்காரங்களை நேத்தே தள்ளி இருக்கச் சொல்லிட்டேன்."

தேனப்பன் திரையை விலக்கினார். மடையன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, சிவப்புப் பாட்டில் ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடித்து மூடியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

 கடைசியில் தேனப்பனுக்கே தர்ம நியாயம் பேச வந்துவிட்டது.

"சாமிய வச்சு இப்படி ஏமாத்தலாமா ஆச்சி? முருகன் கேக்க மாட்டானா?"

"எனக்குச் சாமி நம்பிக்கையே கெடையாது அண்ணே."