இரண்டு ழ

ஒன்பதாவது முறையும் தப்பு என்றது திரை.

அவள் மேசையை ஓங்கிக் குத்தினாள். லேப்டாப் இன்று காலைதான் ரிப்பேரிலிருந்து வந்திருந்தது. ஆறு வாரம் கழித்து.

வாங்கியது ஹாலந்துக் கடையில், இணையம் வழியாக. குடியிருப்பது ஜெர்மனியில். ஜெர்மனிக்காரர்கள் ஹாலந்தைக் கேள் என்றார்கள். ஹாலந்துக்காரர்கள் ஜெர்மனியைக் கேள் என்றார்கள். இப்படிப் பந்தாடிவிட்டு, கடைசியில் ஜெர்மனியிலேயே புதுக் கீபோர்டு போட்டு, செட்டிங்கையும் மாற்றி அனுப்பியிருந்தார்கள்.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அதற்குள்தான் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

நாளை மதியம் கொடுத்தாக வேண்டும்.

போனில் சப்போர்ட் பெண் தேனொழுகப் பேசினாள். பாஸ்வேர்டு மறந்துவிட்டால் ஒரே வழிதான். எல்லாவற்றையும் அழித்துவிடலாம். அழிக்கட்டுமா?

மறந்துவிட்டதாம்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கீபோர்டைப் பார்க்காமலே விரல்கள் தட்டும்.

கணவன் வந்து எட்டிப் பார்த்தான். ராயபுரத்துக்காரன்.

"அப்டி இன்னாதான் பாஸ்வேர்டு வச்சிகீற?"

சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கல்யாணமான புதிதில் அவன் பேச்சைக் கிண்டல் செய்யவே வைத்த சொல் அது. ஆங்கில எழுத்தில், ழ-வுக்கு இசட் போட்டு.

"வாழைப்பழம்."

"வாயப்பயமா?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சிரிக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

குனிந்து கீபோர்டைப் பார்த்தாள். இசட் இருக்க வேண்டிய இடத்தில் ஒய் உட்கார்ந்திருந்தது. ஒய் இடத்தில் இசட்.

ஜெர்மன் கீபோர்டு!

காலையிலிருந்து இவள் ழ என்று தட்டத் தட்ட, அது ய என்றே எழுதியிருக்கிறது. ராயபுரத்தில் பிறந்த கீபோர்டு.

இசட் விழ வேண்டுமென்றால் விரல் பழைய ஒய்க்குப் போக வேண்டும். ஒவ்வோர் எழுத்தாக, அவன் சொன்ன மாதிரியே தட்டினாள்.

இரண்டு இடத்திலும் ய.

திறந்துவிட்டது!

அத்தியாயம் கடைசி முற்றுப்புள்ளி வரை அப்படியே இருந்தது. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

போனில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது, அழிக்கட்டுமா, அழிக்கட்டுமா.

"நோ! நோ! நோ!" என்று கத்திவிட்டு வைத்தாள்.

அவன் வழக்கமான கிண்டலுக்குத் தயாராகச் சுவரோரம் நின்றிருந்தான்.

"இன்னொரு தடவ சொல்லேன்" என்றாள்.